பூவைப் பார்த்தால் போதுமா, அடியில் இருக்கும் தண்ணீரை யார் பார்ப்பது?

ஜூலை பிறந்தால் போதும், உத்தராகண்டில் குப்பை கொட்டும் தமிழர்களின் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. "பூக்களின் பள்ளத்தாக்குக்கு எப்ப வந்தா பூ ஜாஸ்தியா இருக்கும்?" ஊரிலிருந்து சித்தப்பா கேட்பார், புனேயிலிருந்து மச்சினர் கேட்பார். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவுக்குள் வாங்க என்று எல்லோருக்கும் ஒரே பதில்தான். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ஓரிடத்தில் மஞ்சள் பூ, பத்தடி தள்ளி ஊதா, அதற்கு மேலே வெறும் புல். ஏன் இப்படி?

உயரம், குளிர் என்று பள்ளியில் படித்திருப்போம். சரிதான், ஆனால் அது பாதிக் கதை. ஒரே உயரத்தில் பக்கத்துப் பக்கத்திலேயே செடிகள் மாறுகின்றனவே! அங்கே பெரும்பாலும் கணக்குப் போடுவது, மண்ணுக்கடியில் தண்ணீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்பதுதான்.

நெல் வயலில் போய்க் கடலை போடுவோமா? அதே சமாச்சாரம்தான். பனி உருகிய நீர் தேங்கும் பள்ளங்களில் மண்ணுக்குள் காற்று இருக்காது. அங்கே கோரை வகைகளும், கால்தா என்ற மஞ்சள் பூச்செடியும், சில பிரிமுலாக்களும்தான் தாக்குப்பிடிக்கும். கோரையின் வேருக்குள் காற்று போக, நெல்லுக்கு இருப்பதுபோலவே குழாய் மாதிரி இடைவெளி உண்டு. நீர் வடிந்துவிடும் சரிவுகளில் டாந்தோனியா போன்ற புற்களின் ராஜ்ஜியம். ஓரடி, இரண்டடி வித்தியாசத்தில் குடித்தனக்காரர்களே மாறிவிடுகிறார்கள்.

அந்த ஓரடியைத்தான் நாம் கெடுக்கிறோம் என்பது என் கட்சி.

புக்யால் என்று இங்கே சொல்லும் மலைப் புல்வெளிகளில் மண் மெல்லியது. கோவேறு கழுதைகளும் மலையேறிகளும் ஒரே தடத்தில் போகப் போகப் புல் கிழிந்து, மழைநீர் அதையே வாய்க்காலாக்கிவிடும். சேற்றில் கால் வைக்க மனமில்லாமல் பக்கத்தில் நடந்தால் இன்னொரு தடம், இன்னொரு வாய்க்கால். வாய்க்கால் ஆழமாக ஆழமாக, இருபுறமும் உள்ள நிலத்தடி நீர் அதற்குள் வடிந்து கீழே போகும். ஈரத்தை நம்பிய செடி போய், வறட்சி தாங்கும் செடி வந்து உட்காரும். பார்ப்பவருக்கு அப்போதும் பச்சையாகத்தான் தெரியும். அதுதான் ஆபத்தே.

திபெத் பீடபூமியின் கிழக்கு ஓரத்தில் ஜோய்கே என்றொரு பெரிய சதுப்பு நிலம். மேய்ச்சலைப் பெருக்க 1960களிலும் 70களிலும் சீனர்கள் அங்கே வடிகால்கள் வெட்டினார்கள். நீர்மட்டம் இறங்கியது, சதுப்புக் கோரைகள் பின்வாங்கின. பிறகு அதே வடிகால்களை அடைக்கும் வேலை நடந்தது. அவ்வளவு தூரம் ஏன், நம் நீலகிரியில் தோடர் கோயில் கூரைக்கான புல் சதுப்பில்தான் வளரும். சதுப்புகள் தோட்டமாகிப்போக, அந்தப் புல்லும் அரிதாகிவிட்டது.

2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்கத் தடை போட்டது; ஆட்கள் எண்ணிக்கையை 200க்குள் நிறுத்தச் சொன்னது. பிழைப்பு போச்சே என்று மலையேற்ற வழிகாட்டிகள் வருந்தியது நியாயமே. தலையை எண்ணுவது அவசியம்தான், ஆனால் போதாது. ஐம்பது பேர் ஐம்பது தடத்தில் நடப்பதைவிட இருநூறு பேர் ஒரே கல்பாதையில் நடப்பது மேல் என்பேன். பாதையைக் கட்டிக்கொடுத்து, ஓடையான தடங்களை அடைத்தால் வழிகாட்டியின் பிழைப்பும் நிற்கும், தண்ணீரும் நிற்கும்.

முடியாத காரியமில்லை. உத்தரகாசிப் பக்கம் தயாரா புக்யாலில், அரித்துப்போன ஓடைகளை வனத்துறை தென்னை நார் விரிப்பும் பைன் சருகும் வைத்து அடைத்தது. பத்தாயிரம் அடிக்கு மேலே இமயமலைக்குக் கட்டுப்போடத் தேங்காய் நார்! எந்த ஊர்த் தென்னையோ, வாழ்க :-)

பிளாஸ்டிக் போடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டி வருகிறோம், நல்லது. கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள். போட்டோவுக்காகப் பாதையை விட்டு இறங்காதே, சேறாக இருந்தாலும் பாதையிலேயே நட. செருப்பைக் கழுவிக்கொள்ளலாம். இறங்கிய தண்ணீரை மேலே ஏற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

நீங்க என்ன நினைக்கிறீங்க?