ஸுப்ஹுக்குப் பின் ஒரு மிதிவண்டிப் பயணம்

தை பிறந்த பின்னும் காங்கேயத்தைச் சுற்றியுள்ள கொறங்காடுகளில் மழைக்காலத்தின் மிச்சம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எழுந்த கொழுக்கட்டைப் புல் இன்னும் முற்றாகக் காய்ந்திருக்காது. கிளுவை வேலிக்கு அப்பால் வெள்வேல மரங்கள் பனியில் நனைந்து நிற்கும். ஸுப்ஹுத் தொழுது பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது வானம் வெளுத்துக்கொண்டிருக்கும். தாராபுரம் சாலையிலிருந்து ஏதேனும் ஒரு கிராமத்துச் சாலையில் மிதிவண்டியைத் திருப்பினால், அரிசி ஆலைகளும் கொப்பரைக் களங்களும் சற்று நேரத்தில் பின்தங்கிவிடும். பிறகு கேட்பவை சங்கிலியின் ஓசையும் கவுதாரியின் குரலும்தான்.

குளிர்நாடுகளில் வாழும் நம் உறவினர்கள், வசந்த காலக் காடுகளில் மிதிவண்டி ஓட்டும் படங்களை அனுப்புகின்றனர். நாமும் மாஷா அல்லாஹ் என்கிறோம். நம் ஊரில் அத்தகைய காடு இல்லை. பெயரில் காடு இருந்தாலும் கொறங்காடு என்பது மேய்ச்சல் நிலமே. ஆயினும் அங்கே காலையில் படல் திறந்து மாடுகளை உள்ளே விடும் காட்சி வேறெங்கும் கிடைக்காது. செந்நிறமாகப் பிறக்கும் காங்கேயம் கன்று, சில மாதங்களில் சாம்பல் நிறத்திற்கு மாறுவதைக் கண்டு நம் பிள்ளைகள் வியக்க வேண்டாமா? கால்நடைகளைக் காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும்போதும் மாலையில் திருப்பிக் கொண்டுவரும்போதும் உங்களுக்கு அவற்றில் அழகு இருக்கிறது என்று அல்லாஹ் சூரத்துந் நஹ்லில் (16:6) உணர்த்துகிறான். பாலையும் சுமையையும் மட்டுமல்ல, அழகையும் அருட்கொடையாகவே எண்ணிக்காட்டுகிறான். காங்கேயத்தில் வாழ்ந்தும் அந்த வசனத்தைக் கண்ணால் ஓதாமல் இருக்கிறோம்.

காரணம் தெரிந்ததுதான். வாரம் முழுவதும் பனியன் கம்பெனியில் உழைத்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஸுப்ஹுக்குப் பின் உறக்கம் இனிக்கிறது. அதைக் குறைகூற மாட்டோம். ஆனால், தம் சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். அதை அறிவித்த ஸக்ர் (ரலி) அவர்கள் ஒரு வணிகர். சரக்குகளை அதிகாலையிலேயே அனுப்பிச் செல்வம் பெற்றார்கள் (நூல்: அபூதாவூத், திர்மிதீ). அந்தப் பரக்கத் பிள்ளைகளோடு கழியும் ஒரு மணி நேரத்திலும் உண்டு என்றே நம்புகிறோம்.

பிள்ளைகள் என்று சொல்லும்போது மகள்களையும் சேர்த்தே சொல்கிறோம். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பில் வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டி, நம் வீடுகள் பலவற்றில் இரண்டே ஆண்டுகள்தான் ஓடுகிறது. பிறகு தம்பிக்குப் போகிறது, அல்லது கொல்லையில் துருப்பிடிக்கிறது. "பெரிய பிள்ளை சைக்கிளில் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்பதே கேள்வி. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள், அன்னையார் முந்தினார்கள். பின்னொரு நாள் நபியவர்கள் முந்தி, அதற்கு இது ஈடாயிற்று என்றார்கள் (நூல்: அஹ்மத், அபூதாவூத்). அந்த வீட்டில் இருந்த மகிழ்ச்சி நம் வீட்டில் ஏன் இருக்கக் கூடாது? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தின் வழியே இலட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி கற்றபோது, கட்டுப்பாடான முஸ்லிம் குடும்பத்துப் பெண்களும் அவர்களில் இருந்தனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பதிவு செய்திருக்கிறார். அதனால் அங்கே மார்க்கம் குன்றிவிடவில்லை.

பாதுகாப்புக் குறித்த அச்சம் வேறு, அது நியாயமானது. அதனால்தான் அத்தா உடன் செல்ல வேண்டும் என்கிறோம். லாரிகள் ஓடும் கரூர் சாலை வேண்டாம். பர்தாவின் ஓரம் சங்கிலியில் சிக்காதபடி, செயின் கவர் உள்ள வண்டியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறும்போது வாகன துஆவை (43:13, 14) ஓதச் செய்யுங்கள். இதை வசப்படுத்தும் ஆற்றல் எங்களுக்கு இருந்ததில்லை என்ற அதன் பொருள், முழங்கால் சிராய்த்து மிதிவண்டி பழகிய பிள்ளைக்கு உடனே விளங்கும்.

வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். கொல்லையில் கிடக்கும் வண்டிக்குச் சனிக்கிழமை மாலையே காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு வையுங்கள்.