டிபியும் டெட்லைனும்

2025 போய்விட்டது, டிபி போகவில்லை. 2018 மார்ச்சில் டெல்லி மாநாட்டில் பிரதமர் அறிவித்தது நினைவிருக்கிறதா? உலகம் 2030-க்கு வைத்த இலக்கை இந்தியா 2025-லேயே எட்டும் என்றார். அதாவது 2015-ஐ ஒப்பிட புதிய நோயாளிகள் 80 சதவீதம் குறைய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2015-இல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்தது 2023-இல் 195 ஆகியிருக்கிறது. பதினெட்டு சதவீதம்கூட முழுசாக இல்லை.

ரிலீஸ் தேதியை மேடையில் சொல்லிவிட்டு வந்து, அப்புறம் டீமைப் பார்த்து "முடியும்ல?" என்று கேட்பது எங்கள் ஐடி தொழிலில் அன்றாடக் கூத்து. ஆனால் அங்கே தேதி தள்ளிப்போனால் யாரும் ரத்தமாக இருமுவதில்லை.

இது முதல் தடவையும் இல்லை. 2002 தேசிய சுகாதாரக் கொள்கை யானைக்கால் நோயை 2015-க்குள் ஒழிப்பதாகச் சொன்னது. 2017-இல் வந்த அடுத்த கொள்கை அதே 2017-க்குள் என்றது. இப்போது 2027.

"பெரிய இலக்கு வைத்தால்தானே பாதியாவது நடக்கும்?" என்பார்கள். போலியோவில் நடந்தது, ஏனென்றால் கையில் சொட்டு மருந்து இருந்தது. டிபிக்கு அப்படி ஒன்று இல்லை. அது பசியோடு கைகோத்து வருகிற நோய். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்துக்கு அரிசி, பருப்பு, பால்பவுடர் கொடுத்துப் பார்த்தார்கள். குடும்பத்தில் மற்றவர்களுக்கு நோய் வருவது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது. ஆய்வு 2023-இல் லான்செட்டில் வந்தது. நம் அரசோ நோயாளியின் சத்துணவுக்கு 2018-இல் மாதம் 500 ரூபாய் என்று வைத்து, 2024 நவம்பர் வரை அதைத் தொடவே இல்லை. பருப்பு விலை என்ன 2018-லேயே நின்றுவிட்டதா? அதே 2024 மார்ச்சில் மாத்திரைத் தட்டுப்பாடு வேறு. உள்ளூரில் வாங்கிச் சமாளியுங்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் போனது. இலக்குக்கு இன்னும் இரண்டு வருஷம்கூட இல்லாதபோது!

தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். நோய் தெரிந்ததுமே எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவரை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருவர் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை இது.

அடுத்த தேதியை அறிவிப்பதற்கு முன்னால் மாவட்டவாரியாக மூன்று எண்களை மாதாமாதம் வெளியிடுங்கள்: எத்தனை நாள் மாத்திரை இல்லை, எத்தனை பேருக்குப் பணம் போகவில்லை, சிகிச்சை தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் எத்தனை பேர் செத்தார்கள்.