மனசும் மாத்திரையும்

காசநோய் என்றால் நல்ல காற்று, பால், முட்டை, முழு ஓய்வு வேண்டும் என்று எங்கள் கண்டனூர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தக் காலத்து டாக்டர்களின் மனசும் அதையே சொன்னது.

பிரெஞ்சுப் பள்ளியில் பாஸ்தரைப் படித்தவன் நான். இதற்குச் சாட்சியாக நம் சென்னையைத்தான் காட்டுவேன். 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஒரே மருந்தைச் சிலருக்குச் சானடோரியத்திலும் சிலருக்கு வீட்டிலும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவு. ஆனாலும் 1959-இல் வெளியான முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தேறியிருந்தன. நல்ல சாப்பாடு நல்லதுதான், குணமாக்கியது மருந்து.

அதற்காக மனசைத் தள்ள வேண்டாம். "ஆச்சி முகம் வாடியிருக்கே" என்று முதலில் கவனிப்பது வீட்டார்தான். அந்தச் சந்தேகம் நம்மை டாக்டரிடம் கொண்டுபோகட்டும். "தேறிவிட்டேன்" என்று மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். அதைச் சளிப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்லட்டும்.