சட்டத்தை அறிவது குற்றமா?

மதுவருந்தி வண்டியோட்டி, தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலைச் சோதனையில் சிக்குபவர் முதலில் தேடுவது தெரிந்த ஆளைத்தான், சட்டத்தை அல்ல.

நண்பர்களே! 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவர் சோதிக்க வேண்டும். இல்லையேல் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது 202-ஆம் பிரிவு. வழியிலேயே பேசி முடிக்கும் குற்றமன்று இது. தண்டனை நீதிமன்றத்தின் கையில்.

இவற்றை அறிவது குடிகாரனுக்குத் துணைபோவதாகாது. விதி தெரிந்த இடத்தில் தரகருக்கு வேலையில்லை. குற்றவாளி நழுவ முடியாது, நிரபராதி அஞ்ச வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு மணி நேரமேனும் கல்லூரியில் இதைக் கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து.