செயல்திட்டம் யார் வீட்டு வேலை?

“திங்கட்கிழமைக்குள் எல்லோரும் சூரியக் குடும்பம் மாதிரி செய்துகொண்டு வர வேண்டும்.” வகுப்பில் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதன் பிறகு அந்த வேலை எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தால், நம் கல்வியின் பெரிய ஓட்டை ஒன்று கண்ணில் படும்.

அப்பா அரசு வேலையில் இருக்கும் பிள்ளையின் வேலை கடைத்தெருவுக்குப் போகிறது. தெர்மகோல், சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, கலர் பிரிண்ட் எல்லாம் வாங்கியாகிறது. அண்ணனோ சித்தியோ உட்கார்ந்து வெட்டி ஒட்டித் தருகிறார்கள். அம்மா நடவுக்கும் அப்பா செங்கல் சூளைக்கும் போகிற பிள்ளையின் வேலை எங்கும் போவதில்லை. இருவரும் வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது. சார்ட் வாங்கக் காசு கேட்கவே அந்தப் பிள்ளை தயங்குகிறது. திங்கட்கிழமை ஒரு பிள்ளைக்குப் பாராட்டு, இன்னொரு பிள்ளைக்கு வகுப்புக்கு வெளியே நிற்கும் தண்டனை. மதிப்பெண் போடும் ஆசிரியர் பிள்ளையை அளந்ததாக நினைக்கிறார். உண்மையில் அவர் அளந்தது வீட்டின் வசதியை.

செயல்திட்டமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைவிட, ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு தேடி, அளந்து, எழுதிக் கற்பது பல மடங்கு மேல். ஆனால் செயல்திட்டத்தை ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அது வீட்டின் பணத்தையும் சாதியையும் சுமந்துகொண்டுதான் பள்ளிக்குத் திரும்பும். அதைப் பள்ளிக்குள்ளேயே திட்டமிட்டு நடத்த வேண்டியவர் ஆசிரியர். எந்தக் கேள்வி, என்ன பொருள், யாரோடு யார் குழு, முடிவை யார் கேட்பது ஆகிய நான்கையும் அவர்தான் முன்கூட்டி யோசிக்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது இந்த முறை?

செய்து கற்பதற்குக் கல்வித் தத்துவத்தில் பெரிய இடம் பெற்றுத் தந்தவர் அமெரிக்க அறிஞர் ஜான் டூயி. அவரைப் பின்பற்றிய வில்லியம் கில்பாட்ரிக், 1918இல் ‘செயல்திட்ட முறை’ பற்றிய கட்டுரையை வெளியிட்டார். இருவரும் பணியாற்றியது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். அதே பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை படித்த அண்ணல் அம்பேத்கர், டூயியிடம் பாடம் கேட்டவர். ‘சாதி ஒழிப்பு’ நூலில் டூயியைத் தன் ஆசிரியர் என்று குறிப்பிட்டு நன்றி சொல்கிறார். மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து, பொதுவான அனுபவத்தைப் பகிர்ந்து வாழ்வதே ஜனநாயகம் என்பது டூயியின் பார்வை. சாதி அந்தக் கலப்பைத்தான் தடுக்கிறது என்று அண்ணல் காட்டினார். ஆக, செயல்திட்டம் பிறந்த இடத்தில் அதன் நோக்கம் அட்டையில் படம் ஒட்டுவதாக இருக்கவில்லை. பிள்ளைகள் சேர்ந்து வேலை செய்து, சேர்ந்து வாழப் பழகுவதுதான் நோக்கம்.

நம் ஊரில் இன்னொரு நினைவும் இருக்கிறது. 1953இல் ராஜாஜி ஆட்சியில் வந்த திட்டம், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் தொழிலிலும் பழக வேண்டும் என்றது. ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டுத் தமிழகம் அதை எதிர்த்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. ‘வாழ்க்கையோடு இணைந்த கல்வி’ என்று யாராவது சொன்னால் நம் மக்களுக்கு ஒரு சந்தேகம் எழுவதற்குக் காரணம் இதுதான். அந்தச் சந்தேகம் நியாயமானது. “உன் அப்பா செய்யும் தொழிலைப் படமாக வரைந்து வா” என்று இன்றும் ஒரு செயல்திட்டம் கொடுக்கப்படலாம். தூய்மைப் பணியாளரின் மகள் அந்தப் படத்தை நாற்பது பேர் முன்னால் காட்ட வேண்டி வந்தால், அதன் பெயர் கல்வியா?

தொழிலைப் பழகுவது வேறு, தொழிலைக் கேள்வி கேட்பது வேறு. செருப்பு தைக்கக் கற்றுக்கொள் என்பது குலக்கல்வி. தோல் பதனிடுவதில் என்ன வேதியியல் இருக்கிறது, அதில் வரும் லாபம் யார் யாருக்குப் போகிறது என்று வகுப்பிலுள்ள எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து ஆராய்வது கல்வி. இந்த வேறுபாட்டை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும்.

முக்தா எழுதிய கட்டுரை

புனேயில் ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாய் புலேவும் நடத்திய பள்ளியில் படித்தவர் முக்தா சால்வே. தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட மாங் சாதிச் சிறுமி. மகர், மாங் மக்களின் துயரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதய’ என்ற மராத்தி இதழில் வெளிவந்தது. தன் மக்களின் வாழ்வையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்து, தானே யோசித்து, ஊர் படிக்க எழுதினார் அந்த மாணவி. அதற்குக் கடையில் வாங்கிய பொருள் எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது, ‘உன் கேள்வி முக்கியமானது’ என்று நினைத்த ஆசிரியர்கள்.

குடத்தால் ஒரு கணக்கு

இன்று நம் ஊர்ப் பள்ளியில் இதை எப்படிச் செய்வது? ஒரு வழி சொல்லலாம்.

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேள்வி இது: நம் ஊராட்சியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் கிடைக்கிறது? தேவையான பொருள்கள் ஒரு குடம், ஒரு லிட்டர் பாட்டில், நேரம் பார்க்க ஒரு கடிகாரம், ஒரு நோட்டு. முதல் நாள், குடத்தின் கொள்ளளவைப் பள்ளியிலேயே பாட்டிலால் அளக்கலாம். பிறகு தெருக்குழாயில் ஒரு குடம் நிரம்ப எத்தனை விநாடி, தண்ணீர் எத்தனை நிமிடம் வருகிறது, அந்தக் குழாயை எத்தனை வீடுகள் நம்பியிருக்கின்றன என்று குறிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 15 லிட்டர் குடம் ஒரு நிமிடத்தில் நிரம்புகிறது, தண்ணீர் 40 நிமிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 லிட்டர். அந்தக் குழாயை 40 பேர் நம்பியிருந்தால் ஆளுக்கு 15 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு நிர்ணயித்திருக்கும் அளவு 55 லிட்டர். இடைவெளி எவ்வளவு என்று பிள்ளைகளே கழித்துப் பார்ப்பார்கள். சராசரி, விகிதம், கொள்ளளவு, பட்டை வரைபடம் என்று கணக்குப் பாடம் மொத்தமும் அதில் வந்துவிடும். அதே கணக்கை ஊர்த் தெருவிலும் நம் குடியிருப்பிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சமூக அறிவியல் பாடமும் வந்துவிடும்.

இங்கேதான் ஆசிரியரின் வேலை கனமாகிறது. குழுவைப் பிள்ளைகளே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டால், தெரு வாரியாகத்தான் பிரிவார்கள். நாங்குநேரியில் 2023இல் நடந்த கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்கப் பரிந்துரைத்தது. குழு பிரிக்கவும் அகர வரிசையே நல்ல வழி. குழுவுக்குள்ளும் கவனம் வேண்டும். ஒரே பிள்ளை எப்போதும் குடம் தூக்குவதும், ஒரே பிள்ளை எப்போதும் நோட்டில் எழுதுவதும் கூடாது. வேலை நாளுக்கு நாள் மாற வேண்டும். வகுப்பைக் கூட்டும் வேலையும் அப்படித்தான்.

நம் பிள்ளை ஊர்த் தெருக் குழாய் அருகே நின்று குறிப்பு எடுத்தால் யாராவது முறைக்கலாம். ஆகவே பொதுக் குழாய்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். நேரத்தை ஊராட்சி செயலரிடமும் டேங்க் ஆபரேட்டரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆசிரியர் கூடவே போங்கள். பெரியவர்களே போகத் தயங்கும் இடத்துக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பக் கூடாது.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஒதுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் வழங்க 1892இல் ஆங்கிலேய அரசு ஆணையிட்டது. நம் ஊரில் பஞ்சமி நிலம் எங்கே இருக்கிறது என்பது ஒன்பதாம் வகுப்புக்கு அருமையான கேள்வி. ஆனால் அது விளையாட்டான கேள்வி அல்ல. காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்கள்மீது 1994இல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் போனது. அந்த வரலாற்றைப் படிக்கட்டும். கிராம நிலப் பதிவேட்டை எப்படிப் பார்ப்பது என்றும் கற்கட்டும். பதிவேட்டை வாங்கி வந்து வகுப்பில் வைப்பது ஆசிரியரின் பொறுப்பு. எந்தப் பிள்ளையையும் யாருடைய வயலுக்கும் அனுப்பி விசாரிக்கச் சொல்லக் கூடாது.

நேரம் எங்கே இருக்கிறது?

‘பாடம் முடிக்கவே நேரமில்லை, எமிஸ் பதிவேற்றமே பாதி நாளைத் தின்றுவிடுகிறது’ என்கிறார்கள் ஆசிரியர்கள். பொய் இல்லை. ஈராசிரியர் பள்ளிகளின் சுமை ஊருக்கே தெரியும். அந்தச் சுமையைக் குறைக்க அரசிடம் கேட்க வேண்டியது நம் எல்லோரின் கடமை.

ஆனால் இது புதிய வேலை இல்லை. 2012-13இல் வந்த முப்பருவ முறையிலேயே, நூறு மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதில் 20 செயல்பாடுகளுக்கே உரியது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவும், செயல்பாடு வழியாக, கண்டறிந்து, ஆராய்ந்து, அச்சமின்றிப் பிள்ளை கற்க வேண்டும் என்றே சொல்கிறது. எப்படியும் போட வேண்டிய மதிப்பெண்ணை, வீட்டிலிருந்து வரும் அட்டைக்குப் போடாமல் பள்ளி நேரத்தில் நடக்கும் வேலைக்குப் போடுங்கள் என்பதே கோரிக்கை. பருவத்துக்கு ஒன்று போதும். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், தமிழ் ஆகிய நான்கு பாட ஆசிரியர்களும் ஒரே செயல்திட்டத்துக்கு மதிப்பெண் போட்டால் சுமை கால் பங்காகும். தமிழாசிரியர் பிள்ளைகள் எழுதிய அறிக்கையைத் திருத்தட்டும். கணக்கு ஆசிரியர் சராசரியைச் சரிபார்க்கட்டும்.

முடிவைக் கேட்கவும் ஆள் வேண்டும். அட்டையைப் பரணில் போட்டால் பிள்ளை அடுத்த முறை உழைக்காது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் குழு முன் பிள்ளைகள் படிக்கட்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. பிள்ளைகளின் கணக்கைப் பெற்றோர் அங்கே எடுத்து வைக்கலாம். யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை, 15 எங்கே, 55 எங்கே என்று கேட்டால் போதும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. காசு போட்டு வாங்கினால்தான் செயல்திட்டம் என்று யாராவது சொன்னால், “சார், டீச்சர், இதைப் பள்ளியிலேயே செய்யலாமா?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. பெற்றோரே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒரு நாள் கூலி போனாலும் போங்கள். அடுத்த பருவத்துச் செயல்திட்டம் என்ன, எங்கே நடக்கும், யார் பொருள் தருவார்கள் என்று கேளுங்கள். ஆசிரியர்களே, அந்தக் கேள்விக்கான பதிலை இப்போதே எழுதி வையுங்கள்.