ஆட்டை அக்கரை சேர்ப்பதும் பாடம்தான்

கணினி அறிவியலில் கோட்பாடு என்றால் மனப்பாடம், விளையாட்டு ஆரம்பப் பள்ளியோடு சரி என்ற நம்பிக்கை தமிழ்நாடெங்கும் வேரோடியிருக்கிறது. அது தவறு. பாடத்துக்குத் தடவும் தேனாக விளையாட்டை நினைப்பதால் வரும் தவறு. விதிகள், நிலைகள், ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு நகர்வு: இவைதான் விளையாட்டு, கணினிக் கோட்பாட்டின் அடித்தளமும் இவைதான்.

பிளஸ் ஒன் பாடநூலிலேயே விவசாயி, ஆடு, புல்லுக்கட்டு, ஓநாய் புதிர் இருக்கிறது. மூன்றையும் விவசாயி அக்கரை சேர்க்க வேண்டும்; படகில் அவரோடு ஒன்றுக்குத்தான் இடம். அவர் இல்லாவிட்டால் ஓநாய் ஆட்டையும் ஆடு புல்லையும் தின்றுவிடும். விடையைப் போர்டில் எழுதிப்போட்டால் அது வெறும் மார்க். வாலாஜாபாத்தில் ஒரு வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் பாலாற்றை வரைந்து, நான்கு பிள்ளைகளை நிறுத்துங்கள். யார் எந்தக் கரையில் என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வட்டம் போட்டால் 16 வரும். ஆபத்தான 6 வட்டங்களை அழித்தால் மிச்சம் 10. ஒரே பயணத்தில் எட்டக்கூடிய வட்டங்களைக் கோடுகளால் இணைத்தால், கல்லூரியில் பலரை மிரட்டும் 'முடிவுறு நிலைப் பொறி' தரையிலேயே விரிந்துவிடும். விளையாடி ஜெயித்தால் புரிந்ததாகிவிடுமா என்பார்கள். ஆகாது. 7 பயணத்தில் முடித்த பிள்ளையிடம், இதைவிடக் குறைக்க முடியாதா என்று கேட்க ஆசிரியர் வேண்டும். படகு அக்கரையில் நிற்க வேண்டும் என்பதால் 6 உதவாது. 5க்கும் குறைவென்றால் மூன்றையும் ஏற்றவே வழியில்லை. 5 என்றால் போகும் பயணம் மூன்றுதான் என்பதால், ஒவ்வொரு தடவையும் வெறும் படகோடுதான் திரும்ப வேண்டும். ஆட்டைத்தான் முதலில் ஏற்ற முடியும். அடுத்து எதைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பினாலும் ஆடு தின்னும், அல்லது தின்னப்படும். ஆகவே 7தான் குறைந்தபட்சம். பதினாறு வயதுப் பிள்ளை தானே கண்டடையும் முழு நிரூபணம் இது. இங்கே எந்த ஆழமும் குறையவில்லை.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனும் 1974இல் கோலங்களை இலக்கண விதிகளால் உருவாக்கிக் காட்டும் ஆய்வை வெளியிட்டார்கள். வாசலில் புள்ளி வைத்துப் போடுவது உலகத் தரமான கோட்பாட்டு ஆய்வுக்குத் தகுமென்றால், வகுப்பறைக்குத் தகாதா? லேப் இல்லை, கம்ப்யூட்டர் பழுது என்பதும் காரணமாகாது. நியூசிலாந்தின் டிம் பெல் முதலானோர் கணினியே இல்லாமல், அட்டையும் கயிறும் வைத்துக் கணினி அறிவியல் நடத்தும் முறையை 1990களிலேயே வகுத்துவிட்டார்கள். போர்ஷன் முடிக்க நேரமில்லை என்ற கவலை உண்மையானது. ஆனால் மனப்பாடம் செய்தது மறந்துபோய், அதையே மறுபடி நடத்தும் பீரியடுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டுமே! ஆசிரியர்களே, அந்தப் புதிர் வரும் நாளில் விடையை எழுதுமுன் சாக்பீஸைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.