பொய்க் குட்டியும் மெய்த் துணையும்

முதுமையிலே உடல் தளர்வது இயற்கை. அத்தளர்ச்சிக்கு ஊன்றுகோல் உண்டு. பேச ஆளில்லாத குறைக்கு ஊன்றுகோல் எது?

யப்பானியர் இதற்கொரு விடை கண்டனர். தக்கானோரி ஷிபாதா என்னும் அறிஞர் ஆக்கிய 'பாரோ' என்ற இயந்திரக் கடல்நாய்க் குட்டி 2005இல் அங்கே விற்பனைக்கு வந்தது. வெண்மயிர் போர்த்த அக்குட்டி, வருடினால் கண் சிமிட்டும், குரல் கொடுக்கும். முதியோர் இல்லங்கள் பல அதனை ஏற்றன. அமெரிக்காவிலே 2012 அளவில் தோன்றிய 'ஜெரிஜாய்' நிறுவனம் இன்னும் ஒருபடி சென்றது. திரையிலே நாய்க்குட்டியோ பூனையோ தோன்றி முதியவரோடு உரையாடிற்று. அதன் பின்னாலிருந்து பேசியவரோ, தொலைவிலே அமர்ந்திருந்த ஒரு பணியாளர்!

இவற்றை முதலிற் கேள்வியுற்றபோது நான் நகைத்தேன். மகளுக்கு வீட்டைச் சீதனமாய்க் கொடுத்து, அவளுடனேயே முதுமையைக் கழிக்கும் வழக்கமுடையவை நம் கல்முனைக் கரையூர்கள். முதியோர் இல்லத்துப் பொம்மை நமக்கெதற்கு என்றிருந்தேன்.

ஆனால், என் உம்மாவின் இறுதிக்காலம் நினைவில் எழுந்ததும் நகைப்பு அடங்கிற்று. வீடு நிறைய ஆட்கள் இருந்தனர். அவர் பேச்சைக் கேட்டது ஒரு சாம்பல் நிறப் பூனைதான். தம் பங்கு மீனிற் பாதியை அதற்கு வைப்பார். நேரத்துக்கு வராவிடிற் கடிந்துகொள்வார். கொழும்பிலிருந்து நான் தொலைபேசியில் அழைத்தால் அப்பூனையின் கதையையே சொல்வார். அலுவல் இருக்கிறதென்று இடைமறித்துவிடுவேன். தாம் தனித்திருப்பதை அவர் அப்படித்தான் சொன்னார் என்பது எனக்குப் பிந்தியே விளங்கிற்று.

ஆகவே, பொய்க் குட்டியை இகழ எனக்கு உரிமையில்லை. நினைவு மங்கிய ஒருவரின் கை அதனை வருடி அமைதி பெறுமாயின் நன்றே. எனினும், அதற்குப் பசியில்லை, மின்னூட்டம் போதும். உம்மாவின் பூனைக்கு உம்மா வேண்டியிருந்தார். தம்மால் ஓர் உயிர்க்கு ஆவதொன்று உண்டு என்னும் நினைவே முதியவரைத் தாங்குகிறது. அதனை இயந்திரம் எவ்வாறு தரும்?

ஆசிரியர்களே, மாணவர்களே! நம் மூத்தோரிடம் நாட்டார் கவிகள் இருக்கின்றன. மருதமுனைத் தறியின் நுணுக்கங்கள் இருக்கின்றன. 2004 டிசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளின் நினைவுகள் இருக்கின்றன. கிழமைக்கு ஒரு மணிநேரம் அவர்கள்முன் அமர்ந்து கேட்டெழுதுங்கள். இரக்கங்காட்டச் செல்லவேண்டாம், கற்கச் செல்லுங்கள். அவர்கள் பூனையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அதனையும் முடியும்வரை கேளுங்கள்.